மழை பொய்த்தால் மரவள்ளி கசப்பது ஏன்?



எங்க சேலம் பக்கத்தில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம். ஜவ்வரிசி ஆலைக்குப் போவதும் அதுதான், ஏழை வீட்டு அடுப்பில் வேகுவதும் அதுதான். "மழை இல்லாத வருசம் கிழங்கு கசக்கும்டா" என்று எங்க அப்பாயி சொல்வாங்க. அவங்க பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்தான். அந்தக் கசப்பின் வேதியியலை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறேன்.

செடிக்குக் காவல்

மரவள்ளி இலையில் லினமாரின் என்ற பொருள் உற்பத்தியாகி கிழங்குக்கு இறங்குகிறது. அது செல்லின் உள்ளே இருக்கும். லினமாரேஸ் என்ற நொதி செல் சுவரில் இருக்கும். எலியோ பூச்சியோ கடித்துச் செல் உடைந்தால் இரண்டும் கலந்து, முடிவில் ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷம் வெளிவரும். ஓட முடியாத செடிக்கு இதுதான் காவல்! பச்சைத் தழையை மேய்ந்த ஆடு செத்துப்போவதும் இதனால்தான்.

வறட்சியில் கிழங்கு பருக்காது, ஆனால் கிலோவுக்கு லினமாரின் அளவு ஏறும். மறுபடி தண்ணீர் கிடைத்தால் அளவு இறங்கும். ஆக, செடிக்கு நன்மை செய்யும் பொருள் தின்பவருக்கும் நன்மை செய்யும் என்று நினைக்கக் கூடாது.

மொசாம்பிக், 1981

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாநிலத்தில் கடும் வறட்சி. மிஞ்சியது கசப்பு மரவள்ளிதான். வழக்கமாக அதைப் பல நாள் வெயிலில் காயப்போட்டுத்தான் மாவாக்குவார்கள். வயிற்றுப் பசி அத்தனை நாள் பொறுக்குமா? ஆயிரம் பேருக்கு மேல் இரண்டு கால்களும் முடங்கின. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கொன்சோ எனப்படும் இந்த முடக்கம் குணமாகாது.

சயனைடை நம் உடல் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றும். அதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலம் வேண்டும். பருப்பு, மீன், முட்டை கிடைக்காத வீட்டில் அது ஏது? அதனால்தான் அடி ஏழைக்கே விழுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. தோலில் லினமாரின் அதிகம். தடிப்பாகச் சீவி எறியுங்கள்.

2. சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். லினமாரின் நீரில் கரையும். முழுசாக வேகவைத்தால் சூட்டில் நொதி செயலிழந்துவிடும், லினமாரின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும்.

3. கசப்பு மரவள்ளி மாவென்றால், தண்ணீர் விட்டுப் பிசைந்து மெல்லிசாகப் பரப்பி 5 மணி நேரம் நிழலில் வையுங்கள். நொதி வேலை செய்து விஷம் ஆவியாகிப் போகும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸ்தான். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி பரப்பிய முறை இது. செலவே இல்லை!

மரவள்ளி மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் சயனைடுதான் சர்வதேச உணவுத்தர வரம்பு. அளந்து பார்க்கும் கருவி எந்தக் குடிசையில் இருக்கு? கசப்பு தெரிந்தால் அந்தக் கிழங்கை ஒதுக்கிவிடுங்கள்.

நண்பர்களே, தேர்வுக்குப் படிப்பதோடு நின்றுவிடாமல், மழை குறைந்த வருசத்தில் இதை வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் எடுத்துச் சொல்லுங்கள்.