புற்றுக் காளானை அறிந்து உண்ணுதல்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை பிடித்துவிட்டால் நெசவாளர் தெருவில் பாவு நீட்ட இயலாது. கஞ்சி போட்ட பாவு வெயிலின்றி உலராது. தறிக்குழியிலும் ஈரம் ஏறிவிடும். கூலி குறைந்து நிற்கும் அந்நாட்களில்தான் கரட்டிலும் வரப்போரத்திலும் புற்றுக் காளான் தலை நீட்டுகின்றது. விலையின்றிக் கிடைக்கும் இவ்வுணவை நம் அங்கத்தினர் குடும்பங்கள் விரும்பித் தேடுவதில் வியப்பில்லை. சுவையில் இதற்கு நிகரான மரக்கறி வேறொன்று இல்லை என்பது நம் கருத்து. எனினும், தேடிச் செல்வோர் கையில் புற்றுக் காளான் மட்டுமே அகப்படும் என்பதற்கு உறுதி யாதும் இல்லை. அதே மழையில், அதே நிலத்தில், அதே வெண்ணிறத்தில் நச்சுக் காளானும் முளைக்கின்றது.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம்மவர் கூறுவர். இடிக்கும் காளானுக்கும் இடையே உள்ள தொடர்பு மழை ஒன்றே. உண்மையில் இக்காளானை வளர்ப்பது கறையான். நம் கழனியில் காணும் கறையான் இனங்களுள் சில, உலர்ந்த இலையையும் மரத்துணுக்கையும் தின்று, அதனைப் புற்றினுள்ளே கடற்பாஞ்சு போன்ற பழுப்பு நிறக் கட்டிகளாக அமைக்கின்றன. அக்கட்டியின்மேல் காளானின் இழைகள் படர்ந்து, அதனை மென்மையாக்கிக் கறையானுக்கு உணவாக்கித் தருகின்றன. மண் நன்கு நனைந்தவுடன், கட்டியிலிருந்து ஒரு நீண்ட தண்டு மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கின்றது. இவ்வினத்திற்கு 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் ‘டெர்மிட்டோமைசிஸ்’ என்று பெயரிட்டார். கறையான் காளான் என்பதே அதன் பொருள். கறையானின்றி இதனை வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவரும் முறை இன்றுவரை கைகூடவில்லை. நாம் பழிக்கும் கறையான் நம்மினும் தேர்ந்த உழவன் போலும்!

இவ்வரலாற்றை விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. அடையாளம் முழுவதும் அதில் அடங்கியிருக்கின்றது. புற்றுக் காளானின் தண்டு மண்மட்டத்தோடு முடிவதில்லை. கீழே செல்லச் செல்ல மெலிந்து, வேர் போல நீண்டு, சில வேளை ஒரு முழத்திற்கும் மேலாக இறங்கி, கறையான் கட்டியில் சென்று சேரும். ஆகவே புதிய இடத்தில் காளானைக் கண்டால் மேலோடு கிள்ளுதல் கூடாது. சிறு கொத்தினால் பக்கத்து மண்ணை அகற்றி, ஒரு காளானையேனும் அடிவரை தோண்டிப் பார்த்தல் வேண்டும். வேர் தொடர்ந்து சென்று கட்டியைத் தொடுகின்றதா என்று கண்ணாரக் கண்ட பின்னரே மற்றவற்றைப் பறிக்கலாம். அவற்றை மண்மட்டத்தில் எடுத்தால் போதும். புற்று முழுவதையும் கிளறிவிட்டால் அடுத்த ஆண்டு அவ்விடத்தில் விளைவு இராது.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் மூதாட்டி ஒருவர், “ஐயா, வேரில்லாமல் கூடையில் வந்த காளானை என் மாமியார் அடுப்படிக்குள்ளேயே விடமாட்டார்கள்” என்றார். அந்த மாமியார் பள்ளிக்கூடம் அறியாதவர்; ஆனால் அவர் வகுத்த விதியைவிடச் சிறந்த விதியை எந்நூலிலும் நாம் கண்டிலோம்.

வேருக்கு அடுத்தபடி காண வேண்டியவை குடையின் உச்சியும் அடியிலுள்ள மடல்களும். புற்றுக் காளானின் உச்சி மண்ணைத் துளைப்பதற்கென்றே கூர்மையாகவும் கடினமாகவும் இருக்கும். மடல்கள் முதலில் வெண்மையாக இருந்து, முதிர முதிர மங்கிய இளஞ்சிவப்பு ஏறும். தண்டில் வளையம் உண்டா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்தல் ஆகாது. நஞ்சுடையவை பலவற்றிற்கு வளையம் உண்டு என்பது மெய். ஆயினும் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் நடராஜன் 1979-இல் தென்னிந்தியாவிலிருந்து விவரித்த புற்றுக் காளான் வகைக்கும் வளையம் உண்டு.

ஐயம் எழுந்தால் வித்துத்தூளின் நிறம் பார்த்தல் நன்று. விரிந்த குடையைத் தண்டின்றி வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் மடல் கீழ்நோக்கக் கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுவதும் வைக்க வேண்டும். காலையில் தூள் தாளில் படிந்திருக்கும். புற்றுக் காளானாயின் இளஞ்சிவப்பு. பச்சையாயினும் தூய வெண்மையாயினும் அது புற்றுக் காளான் அன்று. நூலின் சாயத்தில் மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் வேற்றுமை காணும் நெசவாளர் கண்ணுக்கு இஃது அரிதன்று. எனினும் இளஞ்சிவப்புத் தூள் உடைய நச்சுக் காளான்களும் உள. ஆதலின் இச்சோதனை காளானை விலக்குவதற்கே பயன்படும், ஏற்பதற்குப் போதாது. வேரும் உச்சியும் மடலும் தூளும் ஆகிய நான்கும் ஒத்துச் சாட்சி கூற வேண்டும். கைந்நூறு ஆயிரமாய்த் தரைமேல் பரவி முளைக்கும் மிகச் சிறிய புற்றுக் காளான் வகை ஒன்றும் உண்டு; அதற்கு நீண்ட வேர் இராது. தலைமுறையாக அதனை அறிந்தவர் உடனிருந்தாலன்றிப் புதியவர் அதனைத் தொடாதிருத்தல் நலம்.

இனி, நம் ஊர்களில் வழங்கும் சோதனைகளைப் பற்றிச் சிறிது. காளானோடு வெள்ளிக்காசைப் போட்டுக் கொதிக்கவைத்தால் நஞ்சிருப்பின் காசு கறுக்கும் என்பர்; பூண்டோ அரிசியோ நிறம் மாறும் என்பர்; பூச்சி தின்றதை நாமும் தின்னலாம் என்பர். இம்மூன்றும் பொய். வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்க்கையால். காளானின் கொடிய நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நத்தையும் புழுவும் தின்று சாகாத காளான், மனிதனைக் கொல்ல வல்லது. புளி விட்டு வேகவைத்து நீரை வடித்துவிட்டால் நஞ்சு போய்விடும் என்னும் நம்பிக்கையோ இவை யாவற்றினும் ஆபத்தானது. ‘இது நஞ்சற்றது’ என்று பொதுவாகக் காட்டும் சோதனை எதுவும் கிடையாது. ‘இஃது இன்ன காளான்’ என்று அறிவது ஒன்றே வழி.

நச்சுக் காளான்களுள் இரண்டனை மட்டும் இங்கே கூறுவோம். முதலாவது, மழைக்குப் பின் புல்வெளியிலும் பள்ளி விளையாட்டுத் திடலிலும் வட்டம் வட்டமாய் முளைக்கும் பெரிய வெண்குடை. குடைமேல் பழுப்புச் செதில்கள் இருக்கும். தண்டில் வளையம் உண்டு. இளமையில் மடல் வெண்மையாயிருப்பதால் பலர் ஏமாறுகின்றனர். முதிர்ந்தபின் அது பச்சை பாயும், தூளும் பச்சை. உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் பேதியும் காணும். பெரியோர் பெரும்பாலும் பிழைப்பர். குழந்தைகள் நிலை அஞ்சத்தக்கது.

இரண்டாவது, அமனிட்டா என்னும் இனத்தைச் சேர்ந்த கொடிய வகைகள். இவற்றின் தண்டடியில் ஒரு பை இருக்கும், தூள் வெண்மை. இளமையில் முட்டை போல் தோன்றுவதால், வைக்கோற் காளானை உண்டு பழகிய தென்கிழக்காசிய மக்கள் அமெரிக்காவில் குடியேறியபின் இவற்றை அதுவென்று கருதிப் பறித்து உயிரிழந்திருக்கின்றனர். வைக்கோற் காளானுக்கும் அடியில் பை உண்டு என்பதே மயக்கத்திற்குக் காரணம். ஆகவே, காட்டில் அடிப்பை உள்ள எதனையும் விட்டுவிடுக. மண்மட்டத்தில் கிள்ளுவோர்க்கு அப்பை கண்ணிற்படாது என்பதையும் நினைவிற்கொள்க. 2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தில் காட்டுக் காளான் உண்டு பதின்மூவர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். நம்மைப் போன்றே அன்றாடக் கூலியில் வாழ்பவர்கள்.

அமனிட்டாவின் நஞ்சு வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அழிவதில்லை. உண்டவுடன் துன்பமும் செய்வதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரையிலும், யாதொரு குறியும் இராது. பின்னர் வாந்தி பேதி தோன்றி, இரண்டாம் நாளில் தணிந்துவிடும். ‘தேறிவிட்டான்’ என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் அவ்வேளையிலேயே ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளித்து நோயாளி வீழ்வார். இதற்கு உறுதியான மாற்று மருந்து இன்னும் இல்லை. விரைவில் மருத்துவமனை சேர்வதே உயிர் காக்கும். காளான் உண்டவர் ஒருவருக்கு வாந்தி கண்டாலும், அதனை உண்ட அனைவரையும் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க, 108-ஐ அழைக்கலாம். வேப்பிலைக் கரைசல், உப்புநீர் முதலியவற்றில் காலம் போக்குதல் கூடாது. உண்ட நேரத்தையும், வாந்தி தொடங்கிய நேரத்தையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். இதன்பொருட்டே, சமைக்கும் நாளில் ஒரு முழுக் காளானை வேரோடு தாளில் சுற்றித் தனியே எடுத்துவைத்தல் நல்ல வழக்கம்.

சமையலைப் பற்றிக் கூறவேண்டியது சிறிதே. கூடையிலோ துணியிலோ கொணர்க. பிளாஸ்டிக் பையில் புழுங்கினால் நல்ல காளானும் கெட்டு வயிற்றைக் கெடுக்கும். பறித்த அன்றே மண் போகக் கழுவி, புழு வைத்ததையும் நீர்விட்டதையும் நீக்கி, நன்றாக வேகவைத்து உண்க, பச்சையாக உண்ணற்க. சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் அரைத்துவிட்ட குழம்பு இதற்குப் பொருந்தும். மசாலை மிகுந்தால் காளானின் மணம் போய்விடும். முதன்முறை உண்பவர் சிறிதளவே உண்ணட்டும். சாயக்கழிவு நீர் பாயும் ஓடைக்கரையிலும், அண்மையில் குருணை மருந்திட்ட வயலிலும் முளைத்தவற்றைத் தள்ளிவிடுக. காளான் மண்ணிலுள்ள உலோக நஞ்சுகளையும் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது.

அங்கத்தினர் பறித்துவரும் காட்டுக் காளானைச் சங்கமே வாங்கி விற்கலாகாதா என்று சில ஊர்களில் நம்மைக் கேட்டனர். வேண்டாம் என்பதே நம் முடிவு. பத்துப்பேர் கூடையை ஒன்றாய்க் கொட்டியபின் எது எவர் பறித்தது, எந்தப் புற்றில் முளைத்தது என்று யார் சொல்ல முடியும்? விற்பனைக்கு வளர்ப்புக் காளானே தக்கது. கோயம்புத்தூரில் 1940-களின் தொடக்கத்திலேயே வைக்கோற் காளான் வளர்ப்பு முயற்சிகள் நடைபெற்றன. இன்று சிப்பிக் காளானையும் பால் காளானையும் வைக்கோலில் வளர்க்கும் பயிற்சியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அளித்து வருகின்றது. உழவர் அங்கத்தினரிடம் வைக்கோல் உண்டு; நெசவாளர் வீட்டில் நிழலும் ஈரமும் உள்ள அறை உண்டு. மழைக்கால வருவாய்க்கு இதனைக் கருதும் சங்கங்கள், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்து, பயிற்சிக்கு அனுப்பவேண்டிய இருவர் பெயரைத் தீர்மானித்து அனுப்பலாம்.