ஸ்டென்டர் சீரமைப்பு: முதலில் சங்கிலி, பிறகுதான் சூடு

ஈரத்துணியின் இரண்டு ஓரங்களையும் பிடித்து, வேண்டிய அகலத்துக்கு விரித்து, சூடான காற்றின் ஊடே ஓட்டிக் காயவைக்கும் இயந்திரம் ஸ்டென்டர். இரு பக்கமும் தண்டவாளத்தில் ஓடும் சங்கிலிகள், சங்கிலிக் கண்ணிகளில் ஊசித் தகடுகள் அல்லது கிளிப்புகள், தண்டவாளங்களை விலக்கவும் நெருக்கவும் திருகுத் தண்டுகள், மேலும் கீழும் காற்று ஊதும் நாசில்கள் கொண்ட சேம்பர்கள், முன்னால் துணியைப் பிழியும் பேடிங் மாங்கிள், பின்னால் துணியை மடிக்கும் அமைப்பு ஆகியவை இதன் உறுப்புகள். சேம்பர் ஒன்று பெரும்பாலும் 3 மீட்டர் நீளம் இருக்கும். சூடு கேஸ் பர்னரிலிருந்தோ தெர்மிக் ஆயில் ஹீட்டரிலிருந்தோ வருகிறது. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கம்பளி ஊர்களில் திறந்த வெளியில் மரச்சட்டம் நட்டு, கொக்கிகளில் துணியை மாட்டி இழுத்துக் காயவைத்தார்கள். ஸ்டென்டர் செய்வதும் அதே வேலைதான். அன்றும் இன்றும் துணியின் தரம் முதலில் அதைப் பிடிக்கும் இடத்தில் தீர்மானமாகிறது.

இங்கே பேசப்படுவது திருப்பூர், பெருந்துறை வட்டாரத்தில் கூலிக்கு ஃபினிஷிங் செய்யும் ஆலைகளின் ஸ்டென்டர். எங்கோ வெளிநாட்டு ஆலை கழித்துவிட்டதை செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்து நிறுத்தியது; மேனுவல் இருந்தாலும் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்காது. அதில் ஓடுவது பருத்தி சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக், லைக்ரா கலந்த துணி. புத்தம்புது ஜெர்மன் இயந்திரம் இறக்கும் வசதியுள்ளவர்களுக்கு இந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி தேவைப்படாது. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது ஊருக்கே தெரியும்.

பழைய ஸ்டென்டரை மேம்படுத்த நினைக்கும் ஆலைகள் பணத்தை முதலில் கொட்டுவது சூட்டிலும் வேகத்திலும். காரணம் எளிது: இரண்டும் பேனலில் எண்ணாகத் தெரியும். முதலாளி எட்டிப்பார்த்தால் 'நிமிடத்துக்கு இத்தனை மீட்டர்' என்று காட்டலாம். ஊசித் தகடு தேய்ந்திருப்பதைக் காட்ட எந்தத் திரையும் கிடையாது.

அப்படி ஒரு ஆலையில் நடந்தது இது. ஆறு சேம்பர் இயந்திரத்தில் இன்னும் இரண்டு சேம்பர் சேர்ப்பது என்று முடிவானது. 18 மீட்டராக இருந்த உலர்த்தும் நீளம் 24 மீட்டராகும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். கணக்கில் பிழையே இல்லை. பராமரிப்புப் பிரிவு அதற்கு முன் சங்கிலியையும் ஓவர்ஃபீட் அமைப்பையும் மாற்றக் கேட்டது. 'ஓடுகிற சங்கிலியை ஏன் மாற்ற வேண்டும்' என்ற ஒரே கேள்வியில் அந்தக் கோரிக்கை அடிபட்டுப்போனது. சேம்பர் விற்க வந்தவரின் தாளில் வேகம் மட்டும் இருந்தது. துணி சுருங்குவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

சேம்பர் வந்தது, வேகமும் கூடியது. கூடவே சிங்கிள் ஜெர்சி லாட்டுகள் சலவைச் சோதனையில் தோற்றுத் திரும்பி வரத் தொடங்கின. நீளச் சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பல பையர்கள் வைக்கும் எல்லை. அதைத் தாண்டிய லாட்டுக்கெல்லாம் டெபிட் நோட் வந்தது. முதலில் நூலின் மேல் பழி விழுந்தது, பிறகு சாயப்பட்டறையின் மேல், கடைசியில் இரவு ஷிஃப்ட் ஆபரேட்டரின் மேல். நிர்வாகத்துக்குப் போன அறிக்கையில் சங்கிலி என்ற சொல்லே கிடையாது.

நடந்ததன் காரணம் நிட் துணியின் கண்ணியில் இருக்கிறது. ஒரு கண்ணிக்குள் நூல் எவ்வளவோ, அவ்வளவுதான். கண்ணியை அகலத்தில் இழுத்தால் நீளம் குறைய வேண்டும். நீளத்தில் இழுத்தால் அகலம் குறைய வேண்டும். சாய இயந்திரத்துக்குள் கயிறாக ஓடிய துணி ஏற்கெனவே நீளத்தில் இழுபட்டுத்தான் ஸ்டென்டருக்கு வருகிறது. அந்த நீளத்தைத் திருப்பித் தருவது ஓவர்ஃபீடின் வேலை: சங்கிலி ஓடுவதைவிட வேகமாகத் துணியை ஊட்டி, ஊசியில் தளர்வாக ஏற்றுவது. சங்கிலி நிமிடத்துக்கு 20 மீட்டர் ஓடினால், 30 சதவீத ஓவர்ஃபீடுக்குத் துணி 26 மீட்டர் உள்ளே போக வேண்டும்.

பழைய இயந்திரத்தில் ஓவர்ஃபீட் ரோலருக்கு மெயின் ஷாஃப்டிலிருந்து, வேகத்தை மாற்றித் தரும் பிஐவி கியர்பாக்ஸ் வழியாகத்தான் ஓட்டம் வந்தது. குறைந்த வேகத்தில் அது தாக்குப்பிடித்தது. வேகம் கூடியதும் தேய்ந்த கியர்பாக்ஸ் நழுவியது. டயலில் 30 என்று வைத்தாலும் துணிக்குக் கிடைத்தது அதைவிட வெகு குறைவு. துணியை ஊசிமேல் அழுத்தும் பிரஷ் வீலின் மயிர் பாதிக்குமேல் தேய்ந்திருந்ததால், ஊட்டிய தளர்விலும் ஒரு பகுதி ஊசியில் ஏறாமல் பின்வாங்கியது.

நீளத்தில் இழுபட்ட துணிக்கு ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கான கிராம் எடை, குறையும். அதை ஈடுகட்ட ஆபரேட்டர் அகலத்தைச் சுருக்கினால் கட்டிங் மேசையில் வெட்டு வரைபடம் உட்காராது; அகலத்தைக் கூட்டினால் ஜிஎஸ்எம் இன்னும் இறங்கும். 180 செ.மீ. அகலத்தில் 180 ஜிஎஸ்எம் உள்ள துணியை, நீளத்தில் எதையும் திருப்பித் தராமல் 190 செ.மீ.க்கு விரித்தால் 170 ஆகிவிடும். நீளத்திலும் 5 சதவீதம் இழுபட்டால் 162. இந்தத் துணியைக் காம்பேக்டரில் தள்ளிச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை ஊரில் பரவலாக உண்டு. காம்பேக்டர் நீளத்தைக் கொஞ்சம் அமுக்கித் தரும், உண்மைதான். ஸ்டென்டரில் போன மொத்தத்தையும் அது மீட்டுத் தராது.

இதற்குத் தீர்வு பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஓவர்ஃபீட் ரோலர்களுக்கும் துணியை ஊசியில் ஏற்றும் இரு பக்கப் பின்னிங் வீல்களுக்கும் தனித்தனி ஏசி மோட்டார், இன்வெர்ட்டர் டிரைவ் கொடுத்து, சங்கிலியின் வேகத்தோடு என்கோடர் வழியாகப் பிணைக்க வேண்டும். மாங்கிளுக்கும் ஓவர்ஃபீடுக்கும் நடுவே லோட் செல் அல்லது டான்சர் ரோலர் வைத்தால் அங்கே துணி விறைப்பது நிற்கும். சேம்பர் சேர்த்த செலவில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆனது. அதன் பிறகுதான் எட்டு சேம்பருக்கு உரிய வேகத்தில் அந்த இயந்திரம் நல்ல துணி தந்தது. முதலிலேயே கேட்கப்பட்டது இதைத்தான்.

சங்கிலியைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. ஊசியில் ஏறும் இடத்தில் துணியின் குறுக்கே மார்க்கரால் நேர்கோடு ஒன்று போட்டு, வெளியே வரும்போது பார்த்தால் போதும். கோடு ஒரு பக்கம் சாய்ந்து வந்தால் ஒரு சங்கிலி மற்றதைவிட நீண்டிருக்கிறது, அல்லது இரு பக்க ஸ்ப்ராக்கெட்டுகள் ஒன்றுபோல் இல்லை. நடுவில் வில்லாக வளைந்தால் குறை பெரும்பாலும் காற்றில்: மேல், கீழ் நாசில்களின் அழுத்தம் பொருந்தாமல் துணி தொய்ந்து உரசுகிறது. கோடு போட்ட துணி பிறகு செக்கிங்கில் கழியும் என்பதால் இதற்குச் சம்மதிக்காத சூப்பர்வைசர்கள் உண்டு. ஒரு மீட்டர் துணியை மிச்சம் பிடித்து ஒரு லாட்டை விடுகிற கணக்கு அது.

தேய்ந்த சங்கிலியை மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் சாய்வு கூடத்தான் செய்யும். வளைந்த ஊசியும் விழுந்த ஊசியும் உள்ள தகடுகளை அவ்வப்போது எடுத்து மாற்றுவதற்குக் கையிருப்பு வேண்டும். ஓரத்தைத் தேடி முன் தண்டவாளத்தை அசைக்கும் சென்சார்கள் பழைய வேகத்துக்கானவை. வேகத்தைக் கூட்டினால் அவற்றையும் பார்க்க வேண்டும். சிங்கிள் ஜெர்சியின் ஓரம் சுருண்டுகொள்ளும் என்பதால், சுருளை விரிக்கும் அன்கர்லர் சரியாக இல்லாவிட்டால் ஊசி இரண்டு மடிப்பில் குத்தும். சங்கிலிக்கு உயர் வெப்பத்துக்கான எண்ணெயே போட வேண்டும், அதுவும் அளவாக. மலிவான கிரீஸ் உருகித் துணியில் விழுந்தால் அந்தக் கறை சோப்புக்குப் போகாது.

பிடிப்பு சரியான பிறகு பார்க்க வேண்டியது தண்ணீர். 1 கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோ கலோரி வேண்டும். 100 கிலோ துணி மாங்கிளில் 70 சதவீத ஈரத்தோடு வருவதற்குப் பதில் 60 சதவீதத்தோடு வந்தால், 10 கிலோ தண்ணீரைச் சேம்பர் ஆவியாக்க வேண்டியதில்லை. குறைந்தது 5,400 கிலோ கலோரி மிச்சம். தெர்மிக் ஹீட்டர், குழாய், சேம்பர் ஆகியவற்றின் இழப்புகளையும் சேர்த்தால் எரிபொருள் மிச்சம் இன்னும் கூடும். மாங்கிள் ரப்பர் ரோலரைத் தேய்த்துச் சமன்செய்வது எந்தப் பர்னரையும்விட மலிவு. மறுமுனையில், பருத்தி தன் இயல்பிலேயே 7, 8 சதவீத ஈரம் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே காயவைத்த துணி வெளியே வந்ததும் காற்றிலிருந்து அந்த ஈரத்தை மீண்டும் இழுத்துக்கொள்ளும். செலவழித்த சூடு வீண், துணியும் முரடாகும். வெளிமுனையில் ஈர மீட்டர் ஒன்று வைத்து அதன்படி வேகத்தை ஓட்டுவது, செலவை எளிதில் திருப்பித் தரும் மேம்பாடுகளில் ஒன்று.

சூட்டைப் பொறுத்தவரை ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். பேனலில் காட்டுவது காற்றின் வெப்பம், துணியின் வெப்பம் வேறு. ஈரம் இருக்கும்வரை துணி 100 டிகிரிக்கு வெகு கீழேயே நிற்கும். காய்ந்த பிறகுதான் ஏறும். லைக்ரா துணியை 190 டிகிரியில் 45 விநாடி ஹீட் செட் செய்ய வேண்டுமானால், துணி 190-ஐத் தொட்ட பிறகுதான் அந்த 45 விநாடி தொடங்குகிறது. 24 மீட்டர் நீளத்தை நிமிடத்துக்கு 24 மீட்டர் வேகத்தில் கடக்க மொத்தமே ஒரு நிமிடம்தான். அதில் பாதி உலர்த்தவே போய்விட்டால் லைக்ரா செட் ஆகாது. சேம்பருக்குள் துணியைப் பார்க்கும் இன்ஃப்ராரெட் சென்சார் இல்லாமல் ஹீட் செட்டிங் வேகத்தை நிர்ணயிப்பது ஊகம்.

ஈரக்காற்றை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் டாம்பரை முழுதாகத் திறந்துவைப்பது பல ஆலைகளில் உள்ள பழக்கம். வெளியேறும் காற்றில் 1 கிலோ உலர்காற்றுக்கு 0.1 முதல் 0.15 கிலோ ஈரம் இருக்கும் அளவுக்கு மூடுவது சிக்கனம். அதற்குக் கீழே போனால் கூரைக்கு மேலே வெறும் சூட்டை அனுப்புவதாக அர்த்தம். அளவுக்கு மீறி மூடினாலும் கெடுதல்: நூலிலும் லைக்ராவிலும் உள்ள எண்ணெய் ஆவி சேம்பர் கூரையில் படிந்து துணிமேல் சொட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இன்வெர்ட்டர் வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஃபேன் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும்.

போகிற சூட்டைப் பிடிக்கும் ஹீட் ரெக்கவரி கருவி கடைசியில் வர வேண்டியது. டாம்பரைச் சரிசெய்யாத ஆலையில் அது வீணாகும் சூட்டை மட்டும் அளந்து காட்டும். அதன் குழாய்களில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து அடைப்பதால் கழுவ வழி இல்லாத மாதிரியை வாங்கக் கூடாது. பஞ்சு வடிகட்டிகளை ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்வது தீக்கு எதிரான முதல் காப்பு. எக்ஸாஸ்ட் குழாயில் படிந்த எண்ணெயும் பஞ்சும் பற்றினால் அணைப்பது கடினம். இயந்திரம் ஓடும்போது ஊசியில் சிக்கிய துணியைக் கையால் எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். உற்பத்தி நெருக்கும்போது அதை மறக்கச் சொல்லும் மேலாளர்களும் உண்டு.

செகண்ட் ஹேண்ட் ஸ்டென்டர் பார்க்கப் போகிறவர்கள் பேனலுக்கு முன்னால் நேரம் போக்க வேண்டாம். சேம்பர் கதவுகளைத் திறந்துவைத்து, சூடில்லாமல் சங்கிலியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கையில் ஒரு மார்க்கரும் நாலு மீட்டர் ஜெர்சியும் கொண்டுபோங்கள். ஓட்டிக்காட்ட மறுப்பவரிடம் விலை பேசாதீர்கள்.