இயந்திரமும் தோட்டமும்: ஒரு பராமரிப்புப் பாடம்

'தோட்டம்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டுத் தமிழர்களின் நினைவுக்கு வருவது ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமும்தான். நான் எழுத விரும்பும் தோட்டம் வேறு. எங்கள் ஊர் அம்மன் கோயிலைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலம் உள்ளது. மா, வில்வம், வேம்பு, செம்பருத்தி எனப் பல மரஞ்செடிகள் அங்கு உண்டு. சென்ற ஆண்டு நீண்ட பருவ விடுமுறையில் அதனைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் இயந்திரம் ஒன்று, கையால் தள்ளிச் செல்லும் இயந்திரம் ஒன்று என இரண்டும் கைக்கு வந்தன. அவ்விடுமுறையில் நான் கற்றவற்றையும், செய்த ஒரு பெரும் பிழையையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எரிபொருளும் எண்ணெயும்

தோளில் மாட்டும் இயந்திரங்களில் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் எண்ணெய்க்கெனத் தனி இடம் கிடையாது. பெட்ரோலில் கலக்கப்படும் எண்ணெயே பிஸ்டனைத் தேய்மானத்திலிருந்து காக்கிறது. கலவை விகிதம் இயந்திரத்திற்கு இயந்திரம் மாறுபடும். கையேட்டைப் பார்த்தே கலக்க வேண்டும். விகிதம் 25:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய். 50:1 என்றால் 20 மில்லிலிட்டர். எண்ணெய் கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப்போய் இயந்திரமே பாழாகிவிடும்.

தள்ளும் இயந்திரம் ஃபோர்-ஸ்ட்ரோக் வகை. இதில் பெட்ரோல் தனி, எண்ணெய் தனி. ஆகவே, ஒவ்வொரு முறை இயக்குவதற்கு முன்பும் எண்ணெய் அளவைப் பார்ப்பது அவசியம்.

முதல் வாரத்திலேயே தோள் இயந்திரம் உயிர்பெற மறுத்தது. பட்டறைக்காரர் கார்புரேட்டரைத் திறந்து காட்டினார். பல மாதங்களாகத் தொட்டியில் கிடந்த பெட்ரோல் பிசின்போல் படிந்து, நுண்ணிய துளைகளை அடைத்திருந்தது. அன்றுமுதல், நெடுநாள் பயன்படுத்தாவிடில் தொட்டியைக் காலி செய்து, மிச்சமுள்ள எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டே வைக்கிறேன்.

காற்றும் கத்தியும்

கடற்பஞ்சு போன்ற காற்று வடிகட்டியைச் சவர்க்கார நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, கையேடு சொன்னபடி சிறிது எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். வடிகட்டி அடைபட்டால் காற்று குறையும், புகை மிகும், சக்தி குன்றும்.

தள்ளும் இயந்திரத்தின் கத்தி மழுங்கினால் புல்லை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த நுனிகள் இரண்டொரு நாளில் பழுப்பாகிவிடும். கத்தியைத் தொடுமுன் ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிடுங்கள். இதில் சோம்பல் கூடாது. கத்தியைக் கையால் திருப்பும்போதே இயந்திரம் உயிர்பெறக்கூடும்.

வெட்டும் அளவிலும் ஒரு விதி உண்டு. ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவது நல்லதன்று. ஒட்ட வெட்டினால் வேர் நலிந்து, களை அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மரம் தந்த பாடம்

இவ்வளவும் கற்றபின், எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. கோயிலின் பின்புறம் ஓர் இளம் வேப்பமரம் நின்றது. தாத்தா மறைந்த ஆண்டு பாட்டி நட்டது. அதன் அடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று, சுழலும் நைலான் நூலை அடிமரத்தை ஒட்டியே கொண்டுசென்றேன். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் விழுந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் பாட்டி குனிந்து அந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். இளமையில் பால்மரம் வெட்டியவர் அவர். "பட்டையத் தாண்டி மரத்துல பட்டுருச்சுய்யா. இனி வேருக்குப் பட்டினிதான்" என்றார். என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பாட்டி சொன்னது அறிவியல் உண்மை. இலைகள் ஆக்கும் உணவு பட்டையின் உட்பகுதி வழியாகவே வேருக்கு இறங்குகிறது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் உள்ளது. அது சுற்றிலும் சிதைந்தால் காயம் ஆறாது. 1890ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நிருவகித்த ஹென்றி ரிட்லி, ரப்பர் மரத்தை அழிக்காமல் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். கேம்பியத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவுவதே அதன் அடிப்படை. நம் பாட்டன் பாட்டிமார் உளி பிடித்து நாள்தோறும் செய்தது அதைத்தான். பள்ளியில் படித்த எனக்குத் தெரியாதது, மங்கு சுமந்த பாட்டியின் விரலுக்குத் தெரிந்திருந்தது.

மரம் உடனே சாகவில்லை. சில வாரங்கள் பச்சையாகவே நின்றது. பிறகு இலைகள் பழுத்தன. மூன்றாம் மாதம் மேற்பகுதி முழுவதும் காய்ந்தது.

முடிவுரை

இயந்திரம் கெட்டால் இரையும், புகையும், நின்றுவிடும். மரம் அப்படியன்று. அதன் துன்பம் நம் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே, இயந்திரத்தைப் பராமரிப்பது பாதி வேலைதான். அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவது மறுபாதி. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர் தூரத்திற்கு இயந்திரத்தைக் கொண்டுசெல்லாதீர்கள். அவ்விடத்தில் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். அவை அடிமரத்தைத் தொடாமல் சற்று விலகி இருக்கட்டும். புல் முளைத்தால் கையால் பிடுங்குங்கள்.

காய்ந்த வேம்பின் மேற்பகுதியை அறுத்துவிட்டோம். வளையத்திற்குக் கீழே ஒரு துளிர் வந்திருக்கிறது. விடுமுறையில் வீடு திரும்பும்போதெல்லாம் அதைச் சுற்றியுள்ள புல்லைக் கையால்தான் பிடுங்குகிறேன். பாட்டி திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.