ஸ்பீக்கர் ஒயரின் முனைக்கு எது பொருத்தம்?

கேள்வி: ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்லும் ஒயரின் முனையில் பனானா பிளக், ஸ்பேட், வெறும் கம்பி ஆகியவற்றுள் எது நல்லது? ஸ்பீக்கரின் பின்புறமுள்ள நான்கு டெர்மினல்களை இணைக்கும் தகடுகளுக்குப் பதிலாக விலை உயர்ந்த ஜம்பர் ஒயர் போட்டால் ஒலி மேம்படுமா?
– வாசகர், எழுமலை, மதுரை மாவட்டம்

பதில்: முனையில் எது இருக்கிறது என்பதைவிட, அது டெர்மினலை எவ்வளவு இறுக்கமாகவும் தூய்மையாகவும் பற்றி நிற்கிறது என்பதே முதன்மையானது. ஐந்து மீட்டர் நீளமுள்ள 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில், போகவும் வரவும் உள்ள இரு கம்பிகளின் மின்தடை சேர்ந்தே சுமார் 0.07 ஓம்தான் என்பதால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டல்ல. தளர்ந்தோ களிம்பேறியோ போன இணைப்பு இதைவிடப் பல மடங்கு தடையை உண்டாக்கக்கூடும்; அத்தடை நிலையாக இல்லாமல் மாறிக்கொண்டே இருப்பதால் கரகரப்பு எழுவதும் ஒலி விட்டுவிட்டு வருவதும் நேர்கின்றன.

புதிதாக உரித்த செம்புக் கம்பியை நேரடியாகத் திருகில் இறுக்குவது, இடையில் இன்னோர் இணைப்பு இல்லாததால், மின்னியல் நோக்கில் எந்தப் பிளக்குக்கும் குறைந்ததல்ல. ஆயினும் பிரிந்து நீளும் ஒரே ஓர் இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டால்கூட ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபையரின் டிரான்சிஸ்டர்கள் எரிந்துவிடக்கூடும். ஆகவே 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை மட்டும் உரித்து, இழைகளை நன்கு முறுக்கிச் செருக வேண்டும். முனைக்குச் சால்டர் பூசுவது தவறு. மென்மையான அந்த உலோகம் திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்குவதால் பிடி தளர்ந்துவிடும். 4 மில்லிமீட்டர் விட்டமும் சுருள்வில் போன்ற பிடிப்பும் கொண்ட பனானா பிளக், அடிக்கடி கழற்றி மாட்டுவோருக்கு ஏற்றது. கவை வடிவில் பிளந்திருக்கும் ஸ்பேட், திருகின் அடியில் அகலமாகப் படிந்து இறுகுவதால், ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் அமைப்புக்குப் பொருந்தும். தங்க முலாம் களிம்பேறாமல் காக்கவே உதவுகிறது. மின்கடத்தலில் தங்கம் செம்பைவிடச் சிறந்ததன்று.

நான்கு டெர்மினல்களில் ஒரு ஜோடி ட்வீட்டருக்கும் மற்றொன்று வூஃபருக்கும் உரியவை. அவற்றை இணைப்பதே ஜம்பர்; ஸ்பீக்கருடன் வரும் பித்தளைத் தகடும் அதுவே. பித்தளையின் கடத்துதிறன் செம்பினுடையதில் கால் பங்களவே எனினும், தகடு குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அதன் தடை மிகச் சொற்பம். பத்து சென்டிமீட்டர் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரின் தடையும் 0.001 ஓமுக்குக் குறைவே. ஆகவே தகடு தொலைந்தாலோ தளர்ந்தாலோ, ஸ்பீக்கர் ஒயரில் எஞ்சிய துண்டே போதும். விலை உயர்ந்த ஜம்பர் தேவையில்லை.

செலவழிக்க வேண்டியது நல்ல ஒயருக்கே. மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் வாங்கினாலும் உசிலம்பட்டியில் வாங்கினாலும், ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம் என்றறிந்து தவிர்ப்பது நலம். அதன் தடை கூடுதல், திருகினடியில் எளிதில் ஒடியவும் செய்யும்.

பனானா பிளக் 6 ஆம்பியர் சுவர் சாக்கெட்டின் துளைக்குள் நுழையக்கூடியது என்பதால், ஷட்டர் இல்லாத சாக்கெட்டுக்கு அருகே கழற்றிய ஒயரைக் குழந்தைகள் கைக்கெட்டும்படி விடக் கூடாது. ஆயுத பூஜைக்குச் சாதனங்களைத் துடைக்கும் நாளில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு திருகையும் தளர்த்தி, கறுத்த முனையை வெட்டிப் புதிதாக உரித்து மீண்டும் இறுக்குவதால் கிடைக்கும் பயனை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளக்கும் தாராது.