உயர்நிலைப் பள்ளியும் கணிப்பொறியும்

பள்ளிக்குள் பொறி நுழைந்தால் கல்வி தானே வளரும் என்னும் நம்பிக்கை புதியதன்று. நாம் பயிலும் இத் தில்லி மாநகரிலேயே, 1961-ஆம் ஆண்டில், உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கெனத் தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. பௌதிகமும் இரசாயனமும் திரையில் வந்தன. ஆய்வுக்கூடமும் தேர்ந்த ஆசிரியரும் இல்லாத பள்ளிகளுக்கு அது பெருந்துணைதான். ஆயினும், தன்முன் அமர்ந்திருப்போருள் எவனுக்குப் பாடம் விளங்கிற்று, எவள் திகைத்து விழிக்கிறாள் என்பதை அப் பெட்டி அறியாது. இன்று வகுப்பறைச் சுவரில் மாட்டப்படும் ஸ்மார்ட் கிளாஸ் திரையும் பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளையே என்பேன்.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் நோயைப் பார்ப்போம். தில்லி அரசுப் பள்ளி மாணவரிடையே கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவர் 2015-இல் ஓர் ஆய்வு நடத்தினர். 2019-இல் அது அச்சேறியது. ஆறாம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரியாக 2.5 வகுப்புகள் பின்தங்கியிருந்தனராம். ஒன்பதாம் வகுப்பில் அப் பின்னடைவு 4.5 வகுப்புகள்! கரும்பலகையில் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் ஓடுகிறது. கேட்டிருக்கும் பிள்ளையோ பின்னத்தையே இன்னும் பிடிக்கவில்லை. ஆசிரியரைக் குறை கூறிப் பயனில்லை. பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய அவர், ஒரே அறையில் நான்கைந்து தரத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என் செய்வார்?

இங்கேதான் கணிப்பொறிக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஓர் எளிய கணக்கால் விளக்குகிறேன். 3.27, 3.5 இவற்றுள் எது பெரிது? ஒரு மாணவன் 3.27 என்கிறான், 27 ஐந்தைவிடப் பெரிதல்லவா என்பது அவன் எண்ணம். இன்னொருத்தி 3.5 என்கிறாள். விடை சரி, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அவளிடம் 3.27, 3.2 இவற்றுள் எது பெரிது என்று கேளுங்கள். 3.2 என்பாள்! தசமப் புள்ளிக்குப் பின் இலக்கங்கள் குறைந்தால் எண் பெரிது என்று அவள் கருதியிருக்கிறாள். இருவர் பிழையும் வேறு; மருந்தும் வேறு. அறுபது விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் கண்ணுக்கு இது அகப்படுவது அரிது. நன்கு அமைத்த கணிப்பொறிப் பாடமோ, முதல் விடையைக் கண்டதும் இரண்டாவது வினாவைத் தொடுத்து, அவரவர் பிழைக்கேற்ற பாடத்தைக் கொடுக்க வல்லது.

மேற்சொன்ன ஆய்வு அத்தகைய பாடத்தைப் பற்றியதே, பெயர் மைண்ட்ஸ்பார்க். குலுக்கலில் தேர்ந்த மாணவர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே, வாரம் ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம் படிக்கலாம்: 45 நிமிடம் கணிப்பொறியில், 45 நிமிடம் சிறு குழுவாய் ஒரு பயிற்றுநரிடம். நாலரை மாதத்தில், வாய்ப்புப் பெறாதவரைவிடக் கணக்கில் 0.37 திட்ட விலக்கமும் இந்தியில் 0.23-உம் அவர்கள் முன்னேறினர். பின்தங்கியவரும் முன்னணியினரும் ஏறத்தாழ ஒரே அளவு பயனடைந்தனர். பொறி பாதி, மனிதர் பாதியாக அமைந்த ஏற்பாடு இது என்பதை மறவாதீர், நண்பர்களே. பொறியை மட்டும் வாங்கிப் பூட்டி வைக்கும் பள்ளிகளுக்கு இந்த எண்கள் பொருந்தா.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. என் மனத்தை உறுத்துவது அதுவே. இவ்வளவு கற்றும், பள்ளியின் கணக்குத் தேர்வில் குறிப்பிடத்தக்க உயர்வு தென்படவில்லை. வியப்பில்லை. நான்காம் வகுப்புத் தரத்திலிருந்து ஐந்தாம் வகுப்புத் தரத்துக்கு ஏறிய பிள்ளையிடம் தேர்வுத்தாள் ஒன்பதாம் வகுப்பு வினாவைத்தான் கேட்கிறது. உண்மையாகவே முன்னேறியவள் மறுபடியும் தோற்றவளாக வீடு திரும்புகிறாள். மதிப்பெண் அட்டையை மட்டுமே காணும் பெற்றோர், எத்தனை நாள் அவளை அந்த நிலையத்துக்கு அனுப்புவார்கள்?

ஆகவே பின்னடைவு இரண்டரை வகுப்பாக இருக்கும் ஆறாம் வகுப்பிலேயே, பள்ளிப் பாடவேளைக்குள்ளேயே, இவ் வேலையைத் தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. ஒன்பதாம் வகுப்பில் ஏற்கெனவே அமர்ந்திருப்பவர்களுக்கு, வகுப்புத் தேர்வோடு, அவர்கள் ஆண்டின் தொடக்கத்தில் நின்ற இடத்தையும் முடிவில் நிற்கும் இடத்தையும் அளக்கும் இன்னொரு தேர்வும் வேண்டும். அதன் முடிவும் அதே மதிப்பெண் அட்டையில் ஏற வேண்டும்.