கேளாது வரும் பயிற்சி விளம்பரங்கள்: கமக்காரர் கவனிக்க வேண்டியவை

போக ஆரம்பத்திற் கமக்காரரின் கையிலிருக்கும் பணம் விதைநெல்லுக்கும் உழவுக்கூலிக்கும் பசளைக்கும் உரியதாகும். அது பிறிதொரு வழியிற் சென்றுவிடின் வயல் தரிசாகும். அன்றேல் வீட்டு நகை அடைவுக்குச் செல்லும். இப்பணத்தை நாடி, முன்பின் அறியாத பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்கள் துண்டுப் பிரசுரமாகவும் கையடக்கத் தொலைபேசிச் செய்தியாகவும் வருகின்றன. காளான் வளர்ப்பு, கூடாரப் பயிர்ச்செய்கை, வெளிநாட்டுப் பண்ணை வேலை முதலியவற்றிற்குப் பயிற்சியளிப்பதாக அவை கூறும்.

கேளாது வந்த விளம்பரம் யாவும் பொய்யென்று கொள்ளுதல் தவறு. ஆயினும், சோதியாது பணங் கொடுத்தல் முளைதிறன் பாராது விதைப்பதை ஒக்கும். 100 நெல்மணிகளை ஈரச்சாக்கில் இட்டு முளைத்தவற்றை எண்ணுவது போல விளம்பரத்தையும் சோதித்தல் வேண்டும்.

இலாபம் எங்கே?

காளான் பயிற்சி ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். கட்டணம் ரூபா 15,000. அதனுடன் 200 காளான் பைகளைப் பையொன்று ரூபா 100 வீதம் அந்நிறுவனத்திடமே வாங்குதல் வேண்டும். விளைவு முழுவதையும் தாமே வாங்குவதாக நிறுவனத்தார் வாக்களிக்கின்றனர். இங்கே காளான் ஒன்று முளைக்குமுன்னரே ரூபா 35,000 அவர்களைச் சேர்ந்துவிடுகின்றது. பின்னர் விளைவைத் தரங்குறைந்ததெனத் தள்ளினாலும் அவர்களுக்கு நட்டமில்லை. விரைவிற் பழுதாகும் காளானை வைத்துக்கொண்டு நட்டப்படுபவர் கமக்காரரே.

சோதிக்கும் முறை

1. இலங்கையில் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு செய்யப்படுகின்றன. பதிவிலக்கத்தைக் கேட்டு, அதனை ஆணைக்குழுவிடமே உறுதிப்படுத்துக. விளம்பரத்திற் கண்ட தொலைபேசி இலக்கத்திற் கேட்டல் பயனற்றது. வியாபாரப் பெயர்ப் பதிவு பயிற்சிப் பதிவாகாது.

2. நிறுவனம் பதிவு பெற்றிருப்பினும், அது நடத்தும் ஒவ்வொரு பாடநெறியும் அங்கீகாரம் பெற்றதென்று கொள்ளலாகாது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தருவதாகக் கூறின், குறித்த பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என வினவுக.

3. விளைவை வாங்கும் விலை, அளவு, தரம், காலம் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல் போதாது.

4. முன்னர் பயின்ற இருவரையாவது நேரிற் கண்டு விசாரிக்க. நிறுவனத்தார் தெரிந்தெடுத்துக் காட்டுவோரை மாத்திரம் நம்பற்க.

5. “இன்றே செலுத்துக, இடங்கள் சிலவே உள” என அவசரப்படுத்தினால் ஒதுங்குக. தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கிற் பணமிடற்க. பற்றுச்சீட்டின்றிக் கட்டணங் கொடுக்கற்க.

6. புதியோரைச் சேர்ப்பதால் வருமானம் கிடைக்கும் என்பதே முக்கிய கவர்ச்சியாயின் அது கூம்பகத் திட்டமாகலாம். வங்கித்தொழிற் சட்டம் அதனைத் தடைசெய்கின்றது.

7. வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்ப்பதாயின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா எனப் பார்க்க.

பணம் கொடுத்தோர் செய்யவேண்டியது

வெட்கத்தால் மறைத்தல் ஆகாது. மறைப்பின் அயலவரும் அதே வலையில் வீழ்வர். துண்டுப் பிரசுரம், பற்றுச்சீட்டு, தொலைபேசிச் செய்தி ஆகியவற்றை அழியாது வைத்துப் பொலிசாரிடம் முறையிடுக. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்னும் இலக்கத்தில் அறிவிக்கலாம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும் விடயத்தை எடுத்துரைக்க.

பயிற்சி பெற விரும்புவோர் முதலிற் பிரிவு விவசாயப் போதனாசிரியரை அணுகுக. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனைச் சேவைக்கும் பேசலாம். விளம்பரத்தைக் கையோடு கொண்டுசென்று காட்டின், கூறப்படும் பயிர் அவ்விடத்து மண்ணுக்கும் நீருக்கும் சந்தைக்கும் ஏற்றதா என்பதையும் அறியலாம். இவ்விசாரணைக்குச் செல்வது ஒரு நாட்பொழுதே. அது காப்பதோ ஒரு போகத்தின் முதலாகும்.