இரண்டு வருடமும் எழுபது வருடமும்

அரூர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் முழுவதும் கேட்டேன். உங்கம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நீயே சொல்வதுதான் முறை. போனில் பேசினால் பாதியிலேயே ‘சரி மாமா, சரி மாமா’ என்று முடித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்பது இரண்டு. கன்வென்ஷன் கூட்டத்தில் உன் தலையில் கைவைத்து ஜெபித்த ஊழியர், இரண்டு வருடத்துக்குள் ஆண்டவர் உன்னைப் பெரிய ஊழியத்தில் நிறுத்துவார் என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பிக் கம்பெனி வேலையை இப்போதே விட்டுவிடலாமா என்பது ஒன்று. இருபத்து மூன்று வயதாகியும் தேவ சித்தம் எது என்று தெரியாமல் ஓசூரில் பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட் என்று மெஷின் முன்னால் நிற்கிறோமே, வாழ்க்கை வீணாகிறதோ என்ற பயம் மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில், விடாதே. இரண்டாவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் வாக்குத்தத்தம் எரேமியா 29ஆம் அதிகாரத்தின் பதினோராம் வசனம். புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கிற அட்டைகளில் அடிக்கடி வருவதும் அதுதான். இன்று ராத்திரி அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படி. அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. அவர்களும் உன்னைப்போல, இந்த ஊர் நமக்கு எதற்கு, எப்போது இங்கிருந்து போவோம் என்று துடித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு அவர் என்ன சொல்கிறார் பார். வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணம் நன்றாக இருக்க ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். உன் வசனம் அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. அதை ஒட்டிய முந்தைய வசனத்தில் எழுபது வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. அட்டை அச்சடிக்கிறவர்கள் அந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது எப்போதும் வருத்தம்தான்.

இதற்கு முந்தின 28ஆம் அதிகாரத்தையும் பார்த்துவிடு. அங்கே அனனியா என்று ஒருவன், எல்லா ஜனங்களுக்கும் முன்பாக ஆலயத்தில் நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தரின் பெயரிலேயே சொல்கிறான். கேட்கிறவர்களுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! உனக்காக ஜெபித்த ஊழியரை நான் அனனியா என்று சொல்லவில்லை. அவர் மனதை ஆண்டவர் அறிவார். ஆனால் ஒரு பையனின் படிப்பு, வேலை, வீட்டுக் கடன் எதுவும் தெரியாமல் தேதி குறித்துக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை, எந்த மேடையிலிருந்து வந்தாலும் ஏற்கமாட்டேன்.

தேவன் ஒருவனை நடத்துகிற விதம் எனக்குப் புரியவந்தது நமக்குப் பக்கத்து மலைகளில் நடந்த ஒரு குடும்பத்தின் கதையால்தான். சேலத்துக்கு அப்பால், இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலைக்கு 1913இல் கல்யாணமான கையோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஏறினார்கள். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். அந்த அம்மா லண்டனில் வசதியான வீட்டுப் பெண், நன்றாகப் படம் வரைவார். ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை, கொஞ்சம் வைத்தியம் கற்றுக்கொண்டு வந்தவர். மலையில் அப்போது காய்ச்சலும் நரம்புச்சிலந்தியும் ஆளை அடித்துக்கொண்டிருந்தன. காலைக் கிழித்துக்கொண்டு புழு வெளியே வரும் அந்த நோய் குடிதண்ணீரில் பரவுவது என்பதால், ஆட்கள் காலோடு இறங்கித் தண்ணீர் எடுக்காதபடி கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டச் சொன்னார்கள். தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஆனால் ஞானஸ்நானம் என்று கேட்டு ஒருவரும் வரவில்லை. ஊர்ப் பூசாரி எதிர்த்து நின்றார். வருடங்கள் போயின. 1918, 19இல் உலகம் முழுதும் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் பரவியபோது அந்தப் பூசாரியும் படுத்தார். சொந்த ஜனங்கள் நெருங்கப் பயந்த நேரத்தில் இவர்கள்தான் போய்ப் பார்த்தார்கள். சாகும் தறுவாயில் அவர் தன் கைக்குழந்தையை இவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் மலைக்காரர்களின் மனம் திரும்பத் தொடங்கியது.

1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வயது நாற்பத்துச் சொச்சம்தான். சுற்றியிருந்த மற்ற மலைகளுக்கும் போக வேண்டும் என்பது இருவரின் பொருத்தனை. அது பாதியில் நின்றது. தனியாக ஒரு விதவையை மலையில் வைக்க மிஷனுக்கு விருப்பமில்லை. ஈவ்லின் அம்மா சமவெளியில் வேலை செய்ய வேண்டியதாயிற்று. அவர் என்ன செய்தார்? கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடவில்லை. எனக்கு வெளிப்பாடு இருக்கிறது என்று மிஷனை எதிர்த்து மலை ஏறவும் இல்லை. கொடுத்த இடத்தில் கொடுத்த வேலையைப் பார்த்தார், ஏறக்குறைய பதினெட்டு வருடம். மலையை மட்டும் மறக்கவில்லை. 1947 வாக்கில், எழுபதை நெருங்கும் வயதில், மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தபோது, மிக்க சந்தோஷம், இனி நான் மலைக்குப் போகலாம் அல்லவா என்று கிளம்பிவிட்டார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். எழுபத்தைந்து வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார். கொல்லிமலையோடு நில்லாமல் மற்ற மலைகளுக்கும், நம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலைக்கும் போனார். கடைசி இருபது வருடம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். 1974இல், தொண்ணூற்றைந்து வயதில்தான் கண்ணை மூடினார். முப்பதுகளில் கிடைத்த தரிசனம் எழுபதில் நடந்தேறினால், அந்த நடு வருடங்களை வீண் என்று சொல்வாயா?

அவர்கள் மகன் பால் பிராண்ட் கதை உனக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். 1914இல் ஊட்டியில் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். அப்பா இறந்த தந்தி வந்த பிறகும், அப்பா முன்பே எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. சிறுவயதில் அப்பாவின் வைத்தியத்தில் பார்த்த சீழும் ரத்தமும் அவருக்கு அருவருப்பாக இருந்ததால், டாக்டர் படிப்பே வேண்டாம் என்று பள்ளியை விட்டதும் கட்டட வேலைக்குப் போனார். தச்சு, கொத்து, கல் வேலை என்று வருடக்கணக்கில் கற்றார். மிஷனரியாகப் போய்ப் பள்ளிகளும் வீடுகளும் கட்டிக்கொடுக்கலாம் என்பது நினைப்பு. பிறகு மிஷனரிகளுக்கான ஒரு சின்ன வைத்தியப் படிப்பில் சேர்ந்தபோதுதான் தனக்கு மருத்துவத்தில் எவ்வளவு ஆசை என்பது அவருக்கே தெரிந்தது. தச்சு உளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்து, லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த யுத்த காலத்தில் அறுவை சிகிச்சை கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

மறுவருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடி என்று சொன்னார். அந்தப் பிடியின் வலுவில் இவருக்கு வலித்துவிட்டது! செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த கையில் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன. அங்கிருந்து தொடங்கியதுதான், வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து வேலை செய்யாத விரலுக்கு மாற்றித் தைக்கும் சிகிச்சை. தொழுநோயில் விரல்கள் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டுப் பட்டுத்தான் தேய்கின்றன என்பதையும் அவரும் கூட வேலை செய்தவர்களும் நிரூபித்தார்கள். கை சரியானவர்களுக்கு வெளியே யாரும் வேலை தரவில்லை. அதனால் வேலூரில் நவஜீவ நிலையம் என்று ஒரு சின்னக் குடியிருப்பு அமைத்து, அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். எந்த உளி எந்தக் கையில் புண்ணாக்கும், பிடியை எப்படி மாற்றலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, இளமையில் அந்த வேலையைச் செய்தவர் ஆயிற்றே. லண்டன் பட்டறையில் நின்ற இருபது வயதுப் பையனிடம் இதற்காகத்தான் என்று யாராவது சொல்லியிருந்தால், அவனுக்குப் புரிந்திருக்குமா?

அந்த வேலூர் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் திண்டிவனத்து இரவைப் பற்றி நீ எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருப்பாய். பிரசவ வேதனையில் இருந்த தங்கள் பெண்களுக்காக மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். பெண் டாக்டர் இல்லாமல் மூன்று பேரும் இறந்தார்கள். உண்மைதான், ஒரே இரவில் அழைப்பு வந்தது. ஆனால் பிரசங்கம் அந்த இரவோடு முடிந்துவிடுகிறது. அவர் அமெரிக்கா போய்ப் படித்து 1899இல் பட்டம் பெற்றதும், 1900இல் வேலூருக்கு வந்த சில மாதங்களிலேயே கூட நிற்க வேண்டிய அப்பா இறந்துபோனதும், 1918இல்தான் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்க முடிந்ததும், அங்கே எம்.பி.பி.எஸ். வர 1942 ஆனதும் அழைப்பின் பகுதிதான். வெளிச்சம் ஒரு ராத்திரி. நடை அறுபது வருடம்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளேன். சித்தேரி மலைக்கும் கல்வராயனுக்கும் நடுவே சிட்லிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அவர்கள் காந்திய வழியில் வந்தவர்கள்; அவர்கள் நடத்துவது திருச்சபை நிறுவனம் இல்லை. நம் கணக்கில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. தேவை எங்கே அதிகம் என்று நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. உள்ளூர் மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து அந்தக் கணக்கை அடியோடு குறைத்தார்கள். பிறகு, வியாதிக்கு மூலம் வறுமை என்று கண்டு இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது, லம்பாடிப் பெண்களின் தையல் வேலை வந்தது. இதில் எதுவும் முதல் நாள் குடிசையில் எழுதி வைத்த திட்டமாக இருந்திருக்க முடியாது. முன்னால் இருந்த வேலையைச் செய்யச் செய்ய அடுத்தது தெரிந்தது.

இனி உன் விஷயம். உன் குரல்பதிவில் தீர்க்கதரிசனத்தைப் பற்றி நெடுநேரம் பேசினாய். நடுவில் ஒரே ஒரு வாக்கியத்தில் இன்னொன்றைச் சொல்லிவிட்டுக் கடந்துபோனாய். பிரஸ் மெஷினில் விரல் நசுங்கிய ஒடிசாப் பையனை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு நீதான் கூட்டிக்கொண்டு போனாய், அதிலிருந்து படிவம் நிரப்ப அந்தப் பையன்கள் எல்லாம் உன் ரூமுக்குத்தான் வருகிறார்கள், தூக்கமே கெடுகிறது என்றாய். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். மாப்பிள்ளை, மேடையில் சொன்னது தேவ சித்தமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கதவைத் தட்டுகிற அந்தப் பையன்களை உன்னிடம் அனுப்பியது யார் என்று ஜெபத்தில் கேள்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதே. காண்ட்ராக்ட் ஆளுக்கு விபத்து நடந்தால் யார் தெரிவிக்க வேண்டும், ஊனத்துக்கு என்ன தொகை, கார்டு போடாமல் வைத்திருந்தால் யாரிடம் போவது என்பதை ஒழுங்காகக் கற்றுக்கொள். இந்தியும் கற்றுக்கொள், உனக்கு ஏற்கெனவே பாதி வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓய்வுநாள் பள்ளிக்கு ஆள் இல்லை என்று உங்கள் ஆயர் கேட்டாராமே, அதை ஏற்றுக்கொள். வேதத்தைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல வருகிறதா, அதில் உனக்குச் சந்தோஷம் இருக்கிறதா என்பது ஒரு வருடத்தில் உனக்கும் தெரியும், உன்னைச் சுற்றி இருப்பவர்களுக்கும் தெரியும். உண்மையான அழைப்பைச் சபை அடையாளம் காணும். நீ மட்டும் தனியாகச் சுமக்க வேண்டிய ரகசியம் இல்லை அது. இவ்வளவும் செய்த பிறகும் முழுநேர ஊழியத்தின் பாரம் குறையாமல் கூடிக்கொண்டே போனால், வேதாகமக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்க நானே உன்னோடு வருகிறேன்.

உங்கம்மா குழுவில் எடுத்த கடன் இன்னும் முடியவில்லை. அதை அடைப்பதும் தேவ சித்தம்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தாயைக் கடனில் விட்டுவிட்டு வருகிறவனுடைய காணிக்கையை இயேசு எப்படிப் பார்த்தார் என்று மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருந்தால் கொடுக்காதே. அடுத்த வார விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, அந்த ஒடிசாப் பையனுக்கு இ.எஸ்.ஐ.யில் கொடுத்த காகிதங்களின் நகலை எடுத்துக்கொண்டு வா. இங்கே எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் இருப்பார். உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இரண்டு பேருமாக அவரைப் போய்ப் பார்ப்போம்.

உன் மாமா